ஒரே வீடு, ரெண்டு ஏரியா: வியாசர்பாடி பையன் ஒருத்தனோட ப்ரொஃபைல் கதை

போன ஜூன் மாசம் ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டே முக்கால் இருக்கும். எங்க இரவுப் பாடசாலைல பத்தாவது பசங்களுக்குக் கணக்கு முடிச்சு போர்டு தொடச்சிட்டு இருந்தேன், அந்தத் தம்பி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து ஃபோன என் கைல குடுத்தான். ஒரு மெயில். விண்ணப்பத்துல நீங்க குடுத்த முகவரியும் ஆதார்ல இருக்கிற முகவரியும் ஒத்துப் போகல, மூணு வேலை நாளுக்குள்ள விளக்கம் குடுங்க, அதுவரைக்கும் ஜாயினிங் தேதி நிறுத்தி வைக்கப்படுதுன்னு போட்டிருந்தது. "இன்னாண்ணா இது, ஆஃபர் லெட்டர் குடுத்துட்டு இப்ப போய் இப்டி சொல்றாங்க"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியும். பதில் நான்தான்.

அவன் பேரு, பிளாக் நம்பர், கம்பெனி பேரு எதுவும் இதுல வராது. எழுதி முடிச்சு அவன்கிட்டயே படிக்கக் குடுத்தேன், ரெண்டு இடத்துல "இது வேணாண்ணா"ன்னான், எடுத்துட்டேன். மீதி எல்லாம் நடந்தது நடந்தபடி.

பையனுக்கு 22 வயசு. அப்பா காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்தற வேலை, அம்மா வீட்லயே டைலரிங். குடியிருக்கறது வடசென்னை வியாசர்பாடில போர்டு வீடு, அதாவது அரசு வாரியம் கட்டிக் குடுத்த வீடு, ரெண்டாவது மாடி. படிச்சது டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரில பி.காம், வீட்லருந்து நடந்து போற தூரம். எங்க பாடசாலைக்கு ஆறாவதுலருந்து வர்றவன், இப்ப சின்னப் பசங்களுக்கு அவனே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறான். நான் பகல்ல பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடைல கணக்கு எழுதறேன், சாயங்காலம் இங்க. டிகிரி முடிக்கற பசங்களுக்கு ரெஸ்யூம், லிங்க்ட்இன் எல்லாம் போட்டுக் குடுக்கறது ஏழெட்டு வருஷமா என் வேலையாப் போச்சு.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அவன் எங்கெங்க எப்படி எப்படி இருக்கான்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தோம்.

மொதல்ல இன்ஸ்டாகிராம். ஹேண்டில்லயே வியாசைன்னு இருக்கு, வியாசர்பாடிய நாங்க சுருக்கிச் சொல்றது அப்படித்தான், கடைசில 39, அதாவது எங்க பின்கோடு 600039ல கடைசி ரெண்டு நம்பர். பயோல தமிழ்லயே எழுதி வச்சிருந்தான், அதுல ஒரு சிக்கல் உண்டு, இன்ஸ்டால பயோவுக்கு 150 எழுத்துதான் குடுக்கறாங்க, நாம வியாசர்பாடின்னு ஆறு எழுத்து எழுதினா கொம்பு கால் புள்ளி எல்லாத்தயும் தனித்தனியா எண்ணி அது 11ன்னு கணக்கு வைக்கும், அதனால தமிழ்ல எழுதறவனுக்குப் பாதி இடந்தான் கெடைக்கும். அந்தப் பாதி இடத்துல அவன் வச்சிருந்தது மூணே விஷயம்: ஏரியா பேரு, கானா, ஃபுட்பால். கூட ஒரு நீல ஹார்ட்டு. கீழ ரீல்ஸ் பூரா முல்லை நகர் கிரவுண்ட்ல பந்து ஆடறது, கேரம் போர்டு சுத்தி பசங்க, அப்புறம் மாமா செத்தப்ப பதினாறாம் நாள் ராத்திரி அவன் பாடின கானா ஒண்ணு. அந்த ரீல நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. சேர்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டுப் பாடறான், பின்னாடி யாரோ சட்டில தாளம் போடறாங்க, செத்தவர் மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கர லோடு வண்டி, ஓட்டினது, கொழந்தைங்கள வண்டில ஏத்தி ஸ்கூலுக்கு விட்டது எல்லாம் பாட்டுல வருது, நடுவுல அத்தையோட அழுகச் சத்தம் கேக்குது, இவன் குரல் ஒரு நொடி உடையுது, திரும்பப் புடிச்சிக்கறான். எங்க ஏரியால ஒருத்தன் யாருன்னு தெரிஞ்சுக்கணும்னா அந்த ரீல் போதும்.

வாட்ஸப்ல டிபி வருஷம் பூரா அவன் போட்டோதான், ஏப்ரல் 14 வந்தா அம்பேத்கர் படம், ஒரு வாரம் இருக்கும். ஃபேஸ்புக் ஒண்ணு எட்டாவது படிக்கறப்ப தொறந்தது, வயச ஏத்திப் போட்டு, பேருக்கு முன்னாடி கிங்குன்னு வச்சு. பாஸ்வேர்டே மறந்துட்டானாம்.

அப்புறம் லிங்க்ட்இன். இங்க வேற ஆள். வெள்ளச் சட்ட, அது சித்தப்பாவோடது, தோள்ல கொஞ்சம் தொங்கும். மொட்ட மாடில எடுத்த போட்டோ, பின்னாடி இருந்த தண்ணி டேங்கும் கரண்டு ஒயரும் ஆப் வச்சு அழிச்சாச்சு. எல்லாம் இங்கிலீஷ். படிச்ச எடம்னு காலேஜ் பேருக்குப் பதிலா மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு மட்டும் இருக்கு, பொய் இல்ல, காலேஜ் அதோட இணைப்புதான், ஆனா காலேஜ் பேரு போட்டா முகவரியும் தானா தெரிஞ்சிடும்னு விட்டது. ஊரு: பெரம்பூர். ரெஸ்யூம்லயும் அதே, பெரம்பூர், 600011.

பெரம்பூர்னு போடச் சொன்னது நான். ரெண்டு வருஷம் முன்னாடி ரெஸ்யூம் மொதல் தடவ அடிக்கறப்ப அவன் வியாசர்பாடின்னுதான் டைப் பண்ணான், நான் பக்கத்துல நின்னு "பெரம்பூர்னு போடுடா, இன்டர்வியூக்காவது கூப்பிடுவாங்க"ன்னேன். எனக்கு என் சீனியர் சொல்லிக் குடுத்தது அது. 2007ல பெரம்பூர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஆர்குட்ல அக்கவுண்ட் தொறந்தப்ப நானும் ஊரு பெரம்பூர்னுதான் போட்டேன். 2014 செப்டம்பர்ல ஆர்குட்ட மூடற வரைக்கும் அதுல நான் பெரம்பூர்க்காரன். அந்த வயசுல பிளாகர்ல கவிதைன்னு சொல்லி என்னென்னமோ எழுதிட்டு இருந்தேன், அங்க புனைபேரு, படம் கூட சூரியகாந்திப் பூவுதான், எந்த ஊரு என்ன வேலைன்னு யாரும் கேக்கல, எழுதறதப் படிச்சுத்தான் ஆள எடை போட்டாங்க. ஃபேஸ்புக் வந்து பேரு என்ன, எந்த ஸ்கூலு, சொந்த ஊரு எதுன்னு ஒவ்வொரு கட்டமா நிரப்பச் சொன்னப்பதான் மறுபடியும் ஏரியா வந்து முன்னாடி நின்னுச்சு.

வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்கு இது புரியணும்னா ரயில்ல ஏறணும். சென்ட்ரல்லருந்து அரக்கோணம் பக்கம் போற லோக்கல்ல பேசின் பிரிட்ஜ், அடுத்து வியாசர்பாடி ஜீவா, அடுத்து பெரம்பூர். ஒரே ஒரு ஸ்டேஷன் வித்தியாசம், அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. ஆனா பெரம்பூர்னா ரயில்வே வேலை, குவார்ட்டர்ஸ், 1955ல ஆரம்பிச்ச ஐசிஎஃப்ங்கற ரயில் பெட்டித் தொழிற்சாலை, மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம். இந்தப் பக்கம் சொன்னா கேக்கறவங்க மனசுல சினிமால பாத்த அருவா வந்துடும். சாயங்காலம் மில்லு சங்கு ஊதினா வேலை முடிஞ்சு சைக்கிள்ல வந்த சனங்களோட ஊரு இது, பின்னி மில்லு 1996ல மூடின பிறகு எத்தன வீட்ல அடுப்பு எரியலன்னு எந்தப் படத்துலயும் காட்டல. லோன் கேட்டுப் போனா நெகட்டிவ் ஏரியான்னு திருப்பி அனுப்பின கதை எங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணு இருக்கு. கல்யாணப் பத்திரிகைல "பெரம்பூர் அருகில்"னு போடறோம். வெளிய யாராவது கேட்டா எம்கேபி நகர்னு சொல்றவங்க உண்டு, அதுவும் இதே 39தான், சொல்றப்ப கொஞ்சம் நல்லாருக்கு, அவ்ளோதான்.

இன்னொண்ணயும் சொல்லிடறேன், சுத்தி வளைக்க வேணாம். எந்த ஏரியான்னு கேக்கறவங்க எல்லாரும் வழி தெரிஞ்சுக்கக் கேக்கறது கெடையாது. நேரா சாதி கேட்டா அசிங்கம், ஏரியா கேட்டா அசிங்கம் இல்லன்னு நெனக்கறவங்க இருக்காங்க. அந்தக் கேள்வி வர்றப்ப குரல்ல ஒரு இழுவை வரும், "ஓ... வியாசர்பாடியா"ன்னு. எங்க பசங்களுக்கு அந்த இழுவை பதினஞ்சு வயசுலயே தெரிஞ்சிடுது.

பேரு மாத்திக்கிறது எங்களோட மட்டும் நிக்கற பழக்கமும் இல்ல. வெள்ளக்காரன் கோட்டைக்கு வடக்க நம்மாளுங்க இருந்த எடத்துக்கு கறுப்பர் நகரம்னு பேரு வச்சான், அப்புறம் அவன் ராஜா பேரையே வச்சு ஜார்ஜ் டவுனாக்கினான். எங்க வீடுங்கள கட்டிக் குடுத்தது 1970ல ஆரம்பிச்ச குடிசை மாற்று வாரியம், 2021ல அதுக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்திட்டாங்க, நல்ல விஷயம்தான், எனக்கு சந்தோஷந்தான். தம்பியோட ஆதார்ல ஆனா பழைய பேருதான் சுருக்கெழுத்தா இருக்கு, அதப் பாத்தாலே தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

சரி, மெயிலுக்கு வருவோம்.

பெரிய கம்பெனிங்க ஆள் எடுக்கறப்ப பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு வைப்பாங்க, பசங்க பிஜிவின்னுவாங்க. அத வேற ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்துடுவாங்க. படிப்பு சரியா, முன்னாடி வேலை செஞ்சது சரியா, கேஸு கீஸு இருக்கா, சொன்ன எடத்துல குடியிருக்கானான்னு பாப்பாங்க. முகவரிக்கு முன்ன மாதிரி எப்பவும் ஆள் வர்றதில்ல, ஃபோனுக்கு ஒரு லிங்க் வரும், வீட்டு வாசல்ல நின்னு லொகேஷன் ஆன் பண்ணி, கதவு, கதவு நம்பர், தெரு இதெல்லாம் போட்டோ எடுத்து ஏத்தணும். தம்பி ஒழுங்கா அவன் வீட்டு வாசல்ல நின்னு எடுத்து அனுப்பிட்டான். லொகேஷன் 600039னு சொல்லுது, ஆதார் 600039னு சொல்லுது, ரெஸ்யூம் மட்டும் 600011ங்குது. நாங்க சின்ன மறைப்புன்னு நெனச்சது அவங்க ரிப்போர்ட்ல முரண்பாடு. பொய்யான முகவரின்னு வந்துட்டா வேலையே போகும், ஆஃபர் லெட்டர்லயே சரிபார்ப்பு முடிஞ்சாதான் வேலைன்னு எழுதியிருக்கு, அந்த வரிய அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒழுங்காப் படிச்சோம்.

இதுல கதவு நம்பர் வேற. சென்னைல வாழறவங்களுக்குத் தெரியும், பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு இருக்கும். அவங்க வாசல்ல பெயிண்ட்ல எழுதினது பழசு, ஆதார்ல புதுசு. கரண்டு பில்லு குடுக்கலாம்னா அது இன்னும் செத்துப்போன பாட்டி பேர்ல இருக்கு. கடைசில ரேஷன் ஸ்மார்ட் கார்டுதான் காப்பாத்துச்சு, அதுல குடும்பத்துல எல்லார் பேரும் இருந்தது, முகவரியும் ஆதாரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போச்சு. பேரும் ஒரு வம்பு பண்ணிச்சு. நமக்கு இனிஷியல்தான், லிங்க்ட்இன்ல கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு, அத நிரப்பாம விட முடியாது, இவன் அப்பா பேர முழுசாப் போட்டிருந்தான், மார்க் ஷீட்ல வெறும் இனிஷியல். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அதுக்கு ஒரு வரி எழுத வேண்டியதாச்சு.

விளக்கக் கடிதம் நான் எழுத உக்காந்தேன். "தவறுதலாக பெரம்பூர் என்று குறிப்பிட்டுவிட்டேன்"னு ஆரம்பிச்சேன். தம்பி என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கினு இருந்தவன், "அண்ணா, தவறுதலான்னு போடாத. தெரிஞ்சுதான போட்டோம்"னான்.

"உண்மையச் சொன்னா வேலை போயிடுமோன்னு பாக்கறேன்டா."

"போனா போவுது, இன்னொரு பொய்ய எழுதிட்டு அதுக்கும் ஒரு பேப்பர் தேடிக்கினு இருக்க முடியாதுண்ணா."

அந்த வரிய அழிச்சேன். என் குடியிருப்பு வியாசர்பாடி, 600039, ஆதார்ல உள்ளதே சரி, விண்ணப்பத்துல பக்கத்து ஏரியாவோட பேர எழுதினேன், அதுக்கு வருந்துறேன்னு அவன் சொல்லச் சொல்ல அடிச்சேன். மறுநாள் கம்பெனிலருந்து ஒரு அம்மா ஃபோன் பண்ணி ஏன் மாத்திப் போட்டீங்கன்னு கேட்டாங்களாம். "வியாசர்பாடின்னா கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம்"னு இவன் சொல்லியிருக்கான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்ல, அப்புறம் "சரி, டாகுமெண்ட்ஸ் அனுப்புங்க"ன்னு வச்சுட்டாங்க. ஒம்போது நாள் கழிச்சு க்ளியர் ஆச்சு. அந்த பேட்ச் போயிடுச்சு, அடுத்த பேட்ச்ல சேர்ந்தான், ரெண்டு வாரச் சம்பளம் போனது போனதுதான். அந்த ஒம்போது நாளும் அவங்கம்மா என்னைப் பாத்தா "இன்னாப்பா ஆச்சு"ன்னு கேப்பாங்க, நான் தெருவ மாத்திப் போயிட்டு இருந்தேன்.

இதோட முடிஞ்சிருந்தா இவ்ளோ நீளமா எழுதியிருக்க மாட்டேன். வேலைல சேர்ந்து ரெண்டாவது மாசம் இன்னொண்ணு நடந்துச்சு. டீம்ல எல்லார் நம்பரும் ஃபோன்ல சேவ் ஆகுது, இன்ஸ்டால காண்டாக்ட் லிஸ்ட்டுக்கு அனுமதி குடுத்திருந்தா அது நம்பர வச்சு உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்னு ஆளக் காட்டும். ஒருத்தருக்கு இவன் அக்கவுண்ட காட்டியிருக்கு. மத்தியானம் கேன்டீன்ல அந்தாளு கானா ரீல சத்தமா வச்சு, "டேய் நீ வியாசர்பாடியா, அங்க ராத்திரில நடக்க பயமா இருக்காதா"ன்னு கேட்டிருக்காரு, பக்கத்துல இருந்தவங்க சிரிச்சிருக்காங்க. அவருக்கு அது வெளையாட்டு. இவனுக்கு மாமாவோட பதினாறாம் நாள்.

அன்னிக்கு சாயங்காலமே அக்கவுண்ட பிரைவேட் ஆக்கிட்டான், வாட்ஸப் டிபிய எடுத்துட்டான், அந்த ரீல டெலீட் பண்ணப் போறேன்னு எனக்கு மெசேஜ். நான் ஃபோன் பண்ணி, டெலீட் பண்ணாத, ஆர்க்கைவ்ல போடு, யாருக்கும் தெரியாது, வேணுங்கறப்ப திருப்பி எடுத்துக்கலாம்னு சொன்னேன். செஞ்சான். அப்புறம் மூணு மாசம் எங்க பாடசாலைல கூட அவன் பாடல.

ஆன்லைன்ல மூஞ்ச மாத்திக் காட்டறாங்க, எல்லாரும் நடிக்கறாங்கன்னு சுலபமா சொல்லிடறோம். இந்தப் பையன் விஷயத்துல நடிப்புன்னு எத சொல்றது? அம்மாகிட்ட ஒரு மாதிரி, கிரவுண்ட்ல ஒரு மாதிரி, வாத்தியார்கிட்ட ஒரு மாதிரி பேசறது மனுஷ சுபாவம், அதுல ஒரு தப்பும் கெடையாது. தெருவுல இருக்கறப்ப எந்த ஆளுகிட்ட பேசறோம்னு கண்ணுக்குத் தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி தானா மாறிக்குவோம். ப்ரொஃபைல்ல யாரு பாக்கறாங்கன்னு தெரியாது, அத்தையும் பாப்பாங்க, டீம் லீடும் பாப்பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே படந்தான் போகுது. இன்ஸ்டால அவன் வியாசைன்னு நெஞ்ச நிமித்தி எழுதினதும் உண்மை, லிங்க்ட்இன்ல வேலை கெடைக்கணும்னு பயந்து பெரம்பூர்னு எழுதினதும் உண்மை. ஒரு வித்தியாசம் இருக்கு, மொதல்லது அவனா எழுதினது, ரெண்டாவது என்னை மாதிரி ஆளுங்க எழுத வச்சது.

அதனால பாடசாலைல நான் சொல்லிக் குடுக்கறத மாத்திட்டேன். மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து பத்தாவது மார்க் ஷீட்ல பேரு எப்படி இருக்கோ அப்படி, பொறந்த தேதி, ஆதார்ல இருக்கற முகவரி, பின்கோடு, காலேஜோட முழுப் பேரு இதெல்லாம் எழுதிக்கறோம், எங்க போனாலும் இது எழுத்து மாறாம அப்படியேதான் போகணும், ஏன்னா யாரோ ஒருத்தர் ஒரு நாள் இத சரிபாப்பாங்க. மீதி, அதாவது போட்டோ, பயோ, என்ன பாஷைல எழுதறது, எதக் காட்டறது எத ஆர்க்கைவ்ல வைக்கறது, அது அவங்க இஷ்டம், அதுல நான் வாயே தொறக்கறதில்ல. காண்டாக்ட் அனுமதிய மட்டும் நிறுத்தச் சொல்றேன், டிபிய யாரெல்லாம் பாக்கலாம்னு வாட்ஸப்ல செட்டிங் இருக்கு, அதக் காட்டிக் குடுக்கறேன். இன்னும் ஒரு வேலையும் செய்யறோம், சொந்தக்காரங்க ஃபோன் ஒண்ண வாங்கி, அதுலருந்து தன் பேரத் தேடிப் பாக்கச் சொல்றேன். வெளில இருந்து தான் எப்படித் தெரியறோம்னு பாத்து நெறைய பசங்க அமைதியாயிடறாங்க.

தம்பி இப்ப லிங்க்ட்இன்ல காலேஜ் பேரு முழுசாப் போட்டுட்டான். அறிமுகத்துல ரெண்டாவது வரிலயே வியாசர்பாடில ஒரு இரவுப் பாடசாலைல ஆறு வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன்னு எழுதியிருக்கான், நான் சொல்லல. இன்ஸ்டா இன்னும் பிரைவேட்தான். பொங்கல் லீவுல ஒரு நாள் அந்த ரீல் திரும்ப வந்திருந்தது, க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்க்கு மட்டும், ஸ்டோரியா, 24 மணி நேரம்.

போன ஞாயித்துக்கிழம அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க, வறுத்த மீனு, சொறா புட்டு. சாப்ட்டு முடிச்சதும் அம்மா அவன் அக்காவுக்கு மாப்ள பாக்கற ஆப்ல ப்ரொஃபைல் போடணும்னு ஃபோன என்கிட்ட குடுத்தாங்க. பேரு, வயசு, படிப்பு, உயரம் எல்லாம் அடிச்சேன். ஊருன்னு கேட்ட எடத்துல நிறுத்தினேன்.

"பெரம்பூர்னு போடுப்பா"ன்னாங்க.

"யம்மா, நம்ம கதையே மறந்துட்டியா"ன்னு தம்பி கேட்டான்.

"அது வேலைடா. வேலைல பேப்பர் காட்டி நிரூபிச்ச, வுட்டுட்டாங்க. இதுல வியாசர்பாடின்னு பாத்தாலே தள்ளி வுட்டுட்டுப் போயிடுவான், அவன்கிட்ட எந்த பேப்பர காட்டுவ?"

தம்பிக்கும் பதில் வரல, எனக்கும் வரல. அக்கா கைய நீட்டி ஃபோன வாங்கிக்கிட்டா. அந்தக் கட்டத்த அப்படியே விட்டு சேவ் பண்ணிட்டு, தட்ட எடுத்துக்கினு உள்ள போயிட்டா.